பட்டியலில் இருந்த பெயர் தேடலில் கிடைக்கவில்லை: ஒரு சின்ன நீட்சியை எழுதிச் சோதித்த அனுபவம்

கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை இணையப் பக்கத்தில் ஏற்றியிருந்தோம். மறுநாள் ஓர் அக்கா அழைத்தார். “தம்பி, அம்மா பேர்ல உபயம் கட்டினோமே. தேடிப் பார்த்தேன், பேரே இல்லையே” என்றார். குரலில் வருத்தம் தெரிந்தது. காலமான தாயாரின் பெயரில் கட்டிய உபயம் அது.

நானும் தேடிப் பார்த்தேன். பெயரில் ‘கௌரி’ என்ற பகுதி இருந்தது. தேடல் கட்டத்தில் அதைத் தட்டினால் “ஒன்றும் இல்லை” என்றே வந்தது. பிறகு பட்டியலை ஒவ்வொரு வரியாகக் கண்ணால் பார்த்தபோது பெயர் அங்கேதான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த பெயர் கணினிக்குத் தெரியவில்லை.

அந்தச் சிக்கலைத் தீர்க்க, நிரல் எழுதும் செயலிக்கு ஒரு சின்ன நீட்சியை எழுதினேன். அதில் நான் செய்த தவறுகளும், சோதனைகள் காட்டிக்கொடுத்த உண்மைகளும், கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் தமிழில் இணையப் பக்கம் நடத்துபவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கௌரிகள்

கணினி எழுத்தைப் படமாகப் பார்ப்பதில்லை, எண்ணாகப் பார்க்கிறது. யூனிகோட் முறையில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் உண்டு. ‘கௌரி’ என்று சரியாகத் தட்டினால் உள்ளே நான்கு எண்கள் இருக்கும்: ககரம், ஔகாரக் குறி, ரகரம், இகரக் குறி.

ஆனால் பலர் ககரத்தின் எகரக் குறியைத் தட்டி, பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். அதாவது ‘கெ’, அதன் பிறகு ‘ள’, அதன் பிறகு ‘ரி’. திரையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். உள்ளே நான்கு எண்களுக்குப் பதில் ஐந்து எண்கள் இருக்கும். நான்கு எண்களைத் தேடினால் ஐந்து எண்கள் கொண்ட சொல் கிடைக்காது. அந்த அக்காவின் தாயார் பெயர் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பிழை ‘கௌரி’யோடு நிற்பதில்லை. பௌர்ணமி, மௌனம், கௌரவம், சௌக்கியம், வௌவால் என்று ஔகாரம் வரும் எந்தச் சொல்லிலும் இது நுழையலாம். பௌர்ணமி பூசை அறிவிப்பைத் தேடும் ஒருவருக்கு அது கிடைக்காமல் போகலாம். பள்ளி மாணவர் பட்டியலில் கௌதமும் கௌசல்யாவும் விடுபட்டுப் போகலாம்.

பட்டியலில் முந்நூறு பெயர்களுக்கு மேல் இருந்தன. கண்ணால் சரிபார்க்க முடியாது, ஏனென்றால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. கணினிதான் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

நீட்சி என்றால் என்ன?

நிரலர்கள் நிரலை எழுதுவதற்கென்றே தனிச் செயலிகள் உண்டு. 1976இல் தோன்றிய ஈமேக்ஸ், 1991இல் வந்த விம் ஆகியவை இன்றும் புழக்கத்தில் உள்ளன. இப்போது கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் அதிகம் பார்ப்பது மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டூடியோ கோட். சுருக்கமாக விஎஸ் கோட். 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் அதற்கு நீட்சி எழுதலாம் என்ற வசதியும் வந்தது. இலவசமாகவே கிடைக்கிறது.

நீட்சி என்பது அந்தச் செயலியோடு சேர்ந்து வேலை செய்யும் சிறு நிரல். செயலியின் உள்ளே கை வைக்காமல் அதற்குப் புதிய திறமையைக் கொடுக்கிறது. ஒரு நீட்சி எழுத்துப்பிழை பார்க்கும்; இன்னொன்று நிரலின் வரிகளை ஒழுங்குபடுத்தும்; மற்றொன்று நிறத்தை மட்டும் மாற்றும்.

விஎஸ் கோட் எல்லா நீட்சிகளையும் தனி இடத்தில் வைத்து ஓட்டுகிறது. கோயிலில் அன்னதானச் சமையல் கூடம் தனியாக இருப்பது போல. அங்கே புகை மண்டினாலும் சன்னதியில் பூசை தடைபடாது. அதேபோல ஒரு நீட்சி தடுமாறினாலும் நாம் தட்டச்சு செய்வது நின்றுவிடாது. ஆனால் சமையல் கூடம் ஒன்றுதான். ஒரு நீட்சி அதை முழுக்க அடைத்துக்கொண்டால் மற்ற நீட்சிகள் காத்துக் கிடக்கும். இதைப் பிறகு பார்ப்போம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் நோட்.ஜேஎஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவ வேண்டும். பிறகு ‘யோ கோட்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், அது சில கேள்விகள் கேட்டு ஒரு வெற்று நீட்சியை உருவாக்கித் தரும். வீடு கட்ட அடித்தளமும் தூணும் போட்டுக் கொடுப்பது போல. ஜாவாஸ்கிரிப்ட் அல்லது டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதலாம்.

அதில் இரண்டு கோப்புகள் முக்கியம். ஒன்று பேக்கேஜ்.ஜேசன். இது நீட்சியின் அடையாள அட்டை. பெயர், பதிப்பு எண், விஎஸ் கோட்டின் எந்தப் பதிப்பு முதல் வேலை செய்யும், எப்போது விழித்துக்கொள்ள வேண்டும், பயனருக்கு என்னென்ன கட்டளைகளும் அமைப்புகளும் தரும் என்பதெல்லாம் இதில் எழுதப்படும். மற்றொன்று, உண்மையில் வேலை செய்யும் நிரல்.

“எப்போது விழித்துக்கொள்ள வேண்டும்” என்பதைக் கவனமாக எழுத வேண்டும். செயலியைத் திறந்தவுடனே எல்லா நீட்சிகளும் எழுந்து நின்றால் பழைய மடிக்கணினி திணறும். என் நீட்சி வலைப்பக்கக் கோப்பு அல்லது சாதாரண உரைக் கோப்பு திறக்கும்போது மட்டும் விழித்தால் போதும். அப்படியே எழுதினேன்.

எழுதியதை ஓட்டிப் பார்க்க எஃப்5 விசையை அழுத்தினால் விஎஸ் கோட்டின் இன்னொரு சாளரம் திறக்கும். நம் நீட்சி அந்தச் சாளரத்தில் மட்டும் இயங்கும். முதல் சாளரத்தில் இருந்துகொண்டு, நிரல் எந்த வரியில் என்ன செய்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

முதல் பதிப்பு: சேமித்தால் திருத்து

என் முதல் யோசனை எளிமையானது. எகரக் குறிக்குப் பிறகு ளகரம் வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு ஔகாரக் குறியை வைத்துவிடு. கோப்பைச் சேமிக்கும்போது தானாகவே நடக்கட்டும். பத்துப் பதினைந்து வரிகளில் வேலை முடிந்தது.

உபயகாரர் பட்டியலில் ஓட்டிப் பார்த்தேன். ஏழு இடங்களில் பெயர்கள் திருத்தப்பட்டன. அக்காவின் தாயார் பெயர் உடனே தேடலில் வந்தது. அவரை அழைத்துச் சொன்னேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் செய்தது சோதனையே அல்ல. நீட்சி வெற்றி பெறும் என்று எனக்கு முன்பே தெரிந்த ஓர் இடத்தில் அதை ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கெளுத்தி கற்றுக்கொடுத்தது

எங்கள் இணையத்தளத்தில் இன்னொரு பகுதி உண்டு. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் சொல்லும் நினைவுகளை, அவர்கள் பேசியபடியே எழுதி வைக்கிறோம். தோட்டமும் லயங்களும் இப்போது இல்லை. அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பேச்சு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

ஒரு தாத்தா, காலையில் பால்மரம் வெட்டிவிட்டு மாலையில் ஓடையில் கெளுத்தி மீன் பிடித்ததைச் சொல்லியிருந்தார். அந்தக் கோப்பைத் திறந்து ஒரு தேதியை மாற்றிச் சேமித்தேன். நீட்சி தன் வேலையைக் காட்டிவிட்டது.

‘கெளுத்தி’ என்ற சொல்லில் எகரக் குறிக்குப் பிறகு ளகரம் வருகிறது. ஆனால் அது பிழையில்லை, உண்மையான ‘ளு’. என் நீட்சி அதைப் பிடுங்கி ஔகாரமாக மாற்றியது. மிச்சம் இருந்த உகரக் குறி, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கெளுத்தி மட்டுமா? ‘தெளிவு’, ‘வெளி’, ‘வெள்ளி’, ‘வெள்ளம்’, ‘பெருவெளி’ எல்லாம் சிதைந்து கிடந்தன.

நல்ல வேளையாக, கோப்புகளின் பழைய நிலைகளையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தி வந்தேன். ஒரு தேதியை மாற்றியதற்கு முப்பதுக்கு மேற்பட்ட வரிகள் மாறியதாக அது காட்டியது. அதைப் பார்த்துத்தான் விழித்தேன். பழைய நிலைக்குத் திருப்பிவிட்டேன். கிட் இல்லாமல் இருந்தால், அந்தப் பக்கங்களைப் பதிவு செய்த ஒலியைக் கேட்டு மறுபடியும் எழுத வேண்டியிருந்திருக்கும்.

அன்று இரண்டு பாடங்கள். முதலாவது, நீட்சி எதைத் திருத்த வேண்டும் என்று சோதித்தால் மட்டும் போதாது. எதைத் தொடவே கூடாது என்றும் சோதிக்க வேண்டும். இரண்டாவது, சொல்லாமல் கொள்ளாமல் கோப்பை மாற்றும் எந்தக் கருவியும் ஆபத்தானது.

“வெளங்குதா?”

இரண்டாம் பதிப்பில் ஒரு விதி சேர்த்தேன். ளகரத்துக்குப் பிறகு உயிர்மெய்க் குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே. கெளுத்தியில் ளகரத்தின் பின் உகரக் குறி, தெளிவில் இகரக் குறி, வெள்ளியில் புள்ளி. மூன்றும் தப்பின. ‘கெளரி’யில் ளகரம் வெறுமனே நிற்கிறது, அது மட்டும் பிடிபடும்.

இலக்கணப்படி இது நல்ல விதி என்றே நினைத்தேன். அதே தாத்தாவின் பேச்சில் அதுவும் உடைந்தது.

அவர் கதை சொல்லும்போது நடுநடுவே “வெளங்குதா?” என்று கேட்பார். “சாயங்காலம் வெளக்கு ஏத்தின பெறகு” என்பார். “வெளையாட்டு” என்பதை “வெளயாட்டு” என்பார். எழுத்துத் தமிழில் அவை விளங்குகிறதா, விளக்கு, விளையாட்டு. பேச்சில் இகரம் எகரமாகிறது. அங்கெல்லாம் எகரக் குறிக்குப் பிறகு வெறும் ளகரம் நிற்கிறது. என் விதி அவற்றை எல்லாம் பிழை என்று எடுத்துக்கொண்டது.

நான் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியபடியே எழுதி வைக்க வேண்டும் என்றுதான் அந்தப் பக்கத்தைத் தொடங்கினோம். என் நீட்சியோ, அவர் பேசும் தமிழ் தமிழே இல்லை என்பது போல நடந்துகொண்டது. நீட்சிக்கு அப்படி ஒரு எண்ணம் கிடையாது. தோட்டத்துப் பேச்சு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் விதி எழுதியவன் நான்தான்.

மூன்றாம் பதிப்பில் அணுகுமுறையையே மாற்றினேன். பொதுவிதிக்குப் பதிலாக ஒரு சொற்பட்டியல். மௌன, பௌர்ணமி, கௌர, கௌத, சௌக்கிய, சௌந்தர, வௌவால் என்று சொல்லின் தொடக்கப் பகுதிகளை வைத்தேன். தொடக்கம் மட்டும் பொருந்தினால் போதும் என்பதால் ‘மௌனத்தை’, ‘மௌனமாக’, ‘பௌர்ணமிக்கு’ போன்றவையும் அடங்கிவிடும். பட்டியலில் உள்ள சொல் தவறான வடிவில் வந்தால் மட்டும் பேசு. மற்றதற்கு வாயைத் திறக்காதே.

அதோடு, தானாகத் திருத்துவதை அறவே நீக்கினேன். இப்போது சொல்லின் கீழே ஒரு நெளிகோடு மட்டும் வரும். அங்கே சென்றால் ஒரு மின்விளக்குக் குறி தோன்றும்; அதை அழுத்தினால் “ஔகாரக் குறியாக மாற்றவா?” என்று கேட்கும். விருப்பம் இருந்தால் மாற்றலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். கடைசி முடிவு மனிதன் கையில்.

இதில் ஒரு குறை உண்டு. பட்டியலில் இல்லாத சொல்லில் பிழை இருந்தால் நீட்சி கண்டுகொள்ளாது. அதை அறிந்தே ஏற்றுக்கொண்டேன். ஒரு பிழையைத் தவறவிட்டால் நாளை வேறொருவர் சொல்லித் திருத்தலாம். சரியாக இருந்ததைக் கெடுத்துவிட்டால் கெட்டது யாருக்கும் தெரியாமலே போகலாம். பயனர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் தாங்களே சேர்த்துக்கொள்ள, அமைப்புப் பக்கத்தில் ஓர் இடமும் வைத்தேன்.

சோதனை இரண்டு வகை

இதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் சோதனை எழுதினேன். முதலில் நிரலை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பகுதி, எழுத்தை வாங்கி எங்கெங்கே பிழை என்று மட்டும் சொல்லும். அதற்கு விஎஸ் கோட் பற்றி எதுவும் தெரியாது. இன்னொரு பகுதி அந்த விடையை வாங்கி நெளிகோடாகக் காட்டும்.

இப்படிப் பிரித்தால் முதல் பகுதியைத் தனியாகச் சோதிக்கலாம். இதற்கு அலகுச் சோதனை என்று பெயர். செயலியைத் திறக்கவே தேவையில்லை, நொடிப்பொழுதில் முடிந்துவிடும். நான் வைத்திருக்கும் சோதனைகளில் சில:

• தவறான வடிவில் ‘கெளரி’: ஒரு பிழை சொல்ல வேண்டும்.
• சரியான வடிவில் ‘கௌரி’: எதுவும் சொல்லக் கூடாது.
• கெளுத்தி, தெளிவு, வெள்ளி: எதுவும் சொல்லக் கூடாது.
• வெளங்குதா, வெளக்கு, வெளயாட்டு: எதுவும் சொல்லக் கூடாது.
• ஒரே வரியில் இரண்டு பிழைகள்: இரண்டையும் சொல்ல வேண்டும்.
• ஒன்றுமே எழுதாத கோப்பு: தடுமாறாமல் இருக்க வேண்டும்.
• தமிழே இல்லாத கோப்பு: அமைதியாக இருக்க வேண்டும்.

‘தொடக்கூடாது’ என்ற வகைச் சோதனைகள் ‘திருத்த வேண்டும்’ என்ற வகையைவிட எண்ணிக்கையில் அதிகம். இந்த வேலையில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாவது வகை, செயலியோடு சேர்த்துச் சோதிப்பது. விஎஸ் கோட் குழுவே இதற்கு ஒரு கருவியைத் தருகிறது. அது விஎஸ் கோட்டின் தனிப் பிரதி ஒன்றைப் பதிவிறக்கி, அதற்குள் நம் நீட்சியை ஏற்றி, மோக்கா என்ற சோதனை நிரலைக் கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும். கோப்பைத் திறந்தால் நீட்சி விழிக்கிறதா, நெளிகோடு வருகிறதா, மின்விளக்குக் குறியை அழுத்தினால் சரியான எழுத்து வந்து உட்காருகிறதா என்பதையெல்லாம் இதில்தான் பார்க்க முடியும்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் விஎஸ் கோட்டில் வேறு பல நீட்சிகளும் இருக்கும். அவற்றோடு சேர்த்துச் சோதித்தால், கோளாறு நம்முடையதா மற்றதுடையதா என்று தெரியாது. மற்ற நீட்சிகளை எல்லாம் அணைத்துவிட்டுச் சோதிக்கும் வசதி உண்டு. அடையாள அட்டையில் ‘இந்தப் பதிப்பு முதல் வேலை செய்யும்’ என்று எழுதியிருந்தால், அந்தப் பழைய பதிப்பிலும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நியாயம்.

நெளிகோடு எங்கே விழுகிறது?

சேர்த்துச் சோதித்தபோதுதான் இன்னொரு பிழை வெளிப்பட்டது. பிழையான சொல்லைச் சரியாகக் கண்டுபிடித்தது. ஆனால் நெளிகோடு இரண்டு இடம் தள்ளி, முந்தைய சொல்லின் வாலில் விழுந்தது.

காரணம் தமிழ் எழுத்தை எண்ணும் முறை. ‘அம்மா கெளரி’ என்று எடுத்துக்கொள்வோம். ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து: அ, ம், மா. கணினிக்கு ஐந்து: அகரம், மகரம், புள்ளி, மகரம், ஆகாரக் குறி. இடைவெளியையும் சேர்த்தால், அடுத்த சொல்லுக்கு முன்னால் நம் கணக்கில் நான்கு, கணினிக் கணக்கில் ஆறு. விஎஸ் கோட் கணினிக் கணக்கைத்தான் ஏற்கும். நான் நம் கணக்கைக் கொடுத்தேன். அதனால்தான் அந்த இரண்டு இடம்.

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பிழை ஒருநாளும் தெரிந்திருக்காது. ஆங்கிலத்தில் இரண்டு கணக்கும் ஒன்றே.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொடி’யின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், எகரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. ஔகாரக் குறியும் அப்படியே: அதன் வலப்பக்கத் துண்டுக்கென்று தனி எண் உண்டு, அது ளகரம் போலவே தெரியும், ஆனால் ளகரம் அல்ல. அப்படி எழுதப்பட்டது பிழையும் அல்ல. இவற்றையெல்லாம் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஆயத்தக் கட்டளை ஜாவாஸ்கிரிப்டில் உள்ளது. ஆனால் முதலில் ஒரே வடிவாக்கிவிட்டுப் பிறகு பிழையைத் தேடினால், எண்களின் எண்ணிக்கை மாறி, நெளிகோடு மறுபடியும் இடம் தவறும். பிழையை மூல உரையிலேயே தேட வேண்டும். இதற்கும் ஒரு சோதனை எழுதி வைத்தேன்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். முதலில் ஒவ்வொரு விசைக்கும் முழுக் கோப்பையும் படித்துக்கொண்டிருந்தது. நீண்ட கோப்பில் நெளிகோடு தாமதமாக வந்தது; மற்ற நீட்சிகளும் மெதுவாயின. சமையல் கூடம் ஒன்றே என்று சொன்னேன் அல்லவா? இப்போது தட்டச்சு நின்று அரை நொடி ஆன பிறகே படிக்கிறது.

மற்றவர்களுக்குக் கொடுப்பது

நீட்சி தயாரானதும் விஎஸ்சிஇ என்ற கருவியால் அதை ஒரே கோப்பாகக் கட்டலாம். அந்தக் கோப்பை நண்பருக்கு அனுப்பினால் அவர் தன் விஎஸ் கோட்டில் நேரடியாக நிறுவிக்கொள்ளலாம். எல்லாருக்கும் கிடைக்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டின் நீட்சிச் சந்தையில் கணக்குத் தொடங்கி ஏற்றலாம். எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓபன் விஎஸ்எக்ஸ் என்ற இன்னொரு களஞ்சியமும் உண்டு.

ஏற்றுவதற்கு முன் சொந்தக் கணினியில் அல்லாமல் வேறொருவர் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என் கணினியில் இருந்த ஒரு கோப்பு கட்டிய பொதியில் சேரவில்லை. நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: சேரக் கூடாத கோப்பு சேர்ந்துவிடுவது. எந்தெந்தக் கோப்பு பொதிக்குள் போகக் கூடாது என்று எழுத ஒரு தனிப் பட்டியல் இருக்கிறது. கடவுச்சொல், அணுகல் சாவி போன்றவை தவறிப்போய்க்கூட உள்ளே போய்விடக் கூடாது.

நிறுவும் முன் யோசியுங்கள்

நீட்சி எழுதாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. விஎஸ் கோட்டுக்கு உங்கள் கணினியில் என்னென்ன அனுமதி உண்டோ அத்தனையும் அதில் நிறுவும் நீட்சிக்கும் உண்டு. அது கோப்புகளைப் படிக்க முடியும். இணையத்துக்கு அனுப்பவும் முடியும். பத்து வரி நீட்சி முப்பது வரிகளைக் கெடுத்ததை நானே பார்த்தேன். அதுவும் கெட்ட எண்ணமே இல்லாமல்.

அதனால் வெளியிட்டவர் யார், மூலநிரல் திறந்திருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். புகழ்பெற்ற நீட்சியின் பெயரைப் போலவே ஓரெழுத்து மாற்றி வரும் போலிகளும் உண்டு. புதிய வெளியீட்டாளரின் நீட்சியை முதன்முறை நிறுவும்போது “இவரை நம்புகிறீர்களா?” என்று விஎஸ் கோட் இப்போது கேட்கிறது. 2021 முதல், முன்பின் தெரியாத கோப்புறையைத் திறந்தாலும் நம்பலாமா என்று கேட்கிறது. படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்திவிடாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு

இதைச் செய்யப் பெரிய பட்டம் தேவையில்லை. படிவம் நான்கு, ஐந்தில் கணினி அறிவியல் எடுத்த மாணவரால் முடியும். டிவெட் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ படிப்பவருக்கு நல்ல பயிற்சி. மென்பொருளுக்கு ஒரு வெள்ளி செலவில்லை. புது மடிக்கணினியும் வேண்டாம். விஎஸ் கோட் சற்றுப் பழைய கணினியிலும் ஓடும்.

இந்த நாட்டில் கணினித் தமிழுக்கு ஒரு மரபும் உண்டு. முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் இங்கிருந்துதான் 1980களில் தன் பணியைத் தொடங்கினார். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே உள்ளடங்கி வருகிறது. பெரிய வேலைகளைப் பெரியவர்கள் செய்துவிட்டார்கள். ஔகாரம் போன்ற சில்லறை வேலைகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. வேறு மொழிக்காரர் யாரும் வந்து அவற்றைச் செய்துதரப் போவதில்லை, ஏனென்றால் கெளுத்தி என்ன மீன் என்றே அவர்களுக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. நிரலை எழுதும் முன்பு உங்கள் வீட்டுப் பெரியவர் பேசும் பத்து வாக்கியங்களை அப்படியே எழுதி, அவற்றைச் சோதனைக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். என் சோதனைக் கோப்பில் அந்தத் தாத்தாவின் வாக்கியங்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நீட்சி முதலில் அவற்றைக் கடந்து வர வேண்டும். அவருடைய “வெளங்குதா?” அப்படியே இருந்தால்தான் அடுத்த பதிப்பு வெளியே போகும்.

உபயகாரர் பட்டியல் இப்போது சரியாக இருக்கிறது. அந்த அக்கா இந்த ஆண்டும் தாயார் பெயரில் உபயம் கட்டினார். “இந்தத் தடவ நானே தேடிப் பாத்துட்டேன் தம்பி, பேர் இருக்கு” என்றார்.